பாதிக் கதிர்

“கடைசியில எப்படியும் கொல்லத்தான் போறோம். அப்புறம் எதுக்கு மேடம் இந்தக் கழுவல்?”

தாணுலிங்கம் இப்படிக் கேட்டபோது அவருக்கு முழங்கை வரை ஈரம். முகக்கவசத்துக்குள் மூக்கு வேர்த்திருந்தது. கையில் யாரோ ஒருவருடைய இடுப்பு எலும்பின் பந்து.

டாக்டர் ஜமீலா அதை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“இன்னொரு தடவை கழுவுங்க, சார்.”

அவ்வளவுதான். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

குரு என்றதும் தாடி, மான்தோல், ஆலமரம் என்று யாராவது நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்தொன்று. குரு சீடரை ‘சார்’ என்பார். சீடர் குருவை ‘மேடம்’ என்பார். ஆசிரமம் என்று ஒன்று இருந்தே தீரவேண்டும் என்றால், தென்காசி போகிற ரோட்டில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி, அதன் பின்கட்டில் எலும்பு வங்கி.

வங்கி என்றால் வட்டி கிட்டி ஒன்றும் கிடையாது. இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களுக்கு மாற்று மூட்டு வைக்கும்போது பழைய எலும்பை வெட்டி எடுப்பார்கள். குப்பைக்குப் போகவேண்டிய அதை, அவர்கள் மனசார எழுதிக் கொடுத்தால், இங்கே வாங்கிச் சுத்தம் செய்து துண்டுபோட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். எலும்பு நொறுங்கிப் பள்ளம் விழுந்த இன்னொருவர் காலிலோ கையிலோ அதை வைப்பார்கள்.

வைத்த எலும்பு சும்மா கிடக்காது. உடம்பைக் கூப்பிடும். இங்கே வா, இங்கே கட்டு என்று கூப்பிடும். உடம்பும் வந்து அதைச் சுற்றிப் புது எலும்பு கட்டும். எலும்புக்குள் இருக்கிற ஒரு புரதம் பார்க்கிற வேலை அது.

ஆனால் ஊரார் எலும்பு. அதில் ஒரு கிருமி ஒளிந்திருந்தாலும் வைத்த காலே போகும். அதனால் பெட்டியில் போட்டுக் கதிர்வீச்சு ஆலைக்கு அனுப்பி, கிருமியைக் கொன்று வாங்குவார்கள்.

சிக்கலே இங்கேதான். கிருமி எது, கூப்பிடுகிற புரதம் எது என்று கதிருக்குத் தெரியாது. கொஞ்சம் கூடிப்போனால் இரண்டையும் சேர்த்துத் தீர்த்துவிடும்.

இது தாணுலிங்கத்துக்குத் தெரியாதா என்றால், தெரியும். நுண்ணுயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

ஆனால் அவர் வளர்ந்த இடம் வேறு. சலைன் பாட்டில் செய்கிற கம்பெனி. இருபது வருஷத்துக்கு மேல் அங்கே கிருமி கொல்கிற வேலை. சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை வேகவை என்பதுதான் அங்கே வேதம். உப்புத்தண்ணீரை எத்தனை தடவை வேகவைத்தாலும் அது உப்புத்தண்ணீர்தான். அதற்கு ரோசம் கிடையாது.

எலும்புக்கு ரோசம் இருந்தது.

*

பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டாக் கடை வைத்திருந்தவர் சந்தனமாரி. கல்லுக்கு முன்னால் தானே நின்று தானே மாவு வீசுகிறவர். காலையில் மாவு பிசைய நின்றால் ராத்திரி கடை கட்டும்வரை நின்ற கால்தான்.

ஒருநாள் தண்ணி லாரி ஒன்று பின்னால் பார்க்காமல் வந்தது. கடையும் போச்சு, முழங்காலுக்குக் கீழே நாலு விரல் அளவு எலும்பும் போச்சு.

கம்பியும் போல்ட்டும் போட்டுக் காலை நிறுத்தினார்கள். அவருடைய சொந்த இடுப்பிலிருந்து எடுத்த எலும்பு போதவில்லை. மீதிப் பள்ளத்தை வங்கி எலும்பு வைத்து நிரப்பினார்கள்.

அது தாணுலிங்கம் வேலைக்கு வந்து தயார்பண்ணிய முதல் பெட்டி. ஜமீலா அப்போது பிரசவ விடுப்பில் இருந்தார்.

பெட்டியின் மேல் ஒரு மஞ்சள் பொட்டு ஒட்டியிருப்பார்கள். கதிர் பட்டால் அது சிவக்கும். ஆலையிலிருந்து திரும்பி வந்தபோது சிவந்துதான் இருந்தது. ஆனால் ஒரு ஓரம் கொஞ்சம் வெளிறினாற்போல தாணுலிங்கத்துக்குப் பட்டது. பட்டது, அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார். நல்லாத்தான் சார் இருக்கு என்றார்கள். அவருக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் அதே பெட்டியை மறுபடியும் ஆலைக்கு ஏற்றிவிட்டார்.

இதை அவர் ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. சந்தனமாரியிடமே பெருமையாகச் சொன்னார்.

“உங்களுக்கு வைக்கிறது ரெண்டு தடவை சுத்தம் பண்ணின எலும்பும்மா. கவலையே படாதீங்க.”

“நல்லா இருப்பீங்க சார்” என்றார் சந்தனமாரி.

எட்டு மாசம் ஆனது. ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி வெகுநேரம் பார்த்தார்.

“சீழ் இல்ல. காய்ச்சல் இல்ல. சுத்தமா இருக்கு. ஒட்டத்தான் இல்ல.”

“சுத்தமா இருந்து என்ன சார் செய்ய? நான் நின்னுல்லா பரோட்டா வீசணும்” என்றார் சந்தனமாரி.

வைத்த எலும்பு வைத்தபடி கிடந்தது. உடம்பு அதை விரட்டவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. வராத பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி இரண்டும் தனித்தனியாக நின்றன.

இன்னும் ஒரு தடவை வைத்துப் பார்ப்போம் என்றார் பெரிய டாக்டர். அதுவும் ஒட்டவில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதுதான் வழி என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சந்தனமாரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜமீலா விடுப்பு முடிந்து வந்திருந்தார். நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டார். தாணுலிங்கத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் தாணுலிங்கமே பலதடவை நினைத்துக்கொண்டார்.

“அந்தம்மாவுக்கு வைக்கிற அடுத்த எலும்பையும் நீங்களே தயார்பண்ணுங்க சார்” என்றார் ஜமீலா.

“கண்டிப்பா மேடம்.”

“நாளையிலேர்ந்து கழுவுங்க.”

டாக்டர் பட்டம் வாங்கினவர். ஐம்பத்தொரு வயது. எலும்பு கழுவப் போனார்.

*

எலும்பு கழுவுவது பாத்திரம் கழுவுகிற மாதிரி இல்லை. மேலே ஒட்டியிருக்கிற சதையையும் சவ்வையும் சுரண்டி எடுக்கவேண்டும். வாளால் துண்டுபோட வேண்டும். அதற்கப்புறம்தான் வேலையே. எலும்பின் உள்பக்கம் ஆப்பத்தின் நடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் கொழுப்பும் ரத்தமும் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை ஊசி மாதிரிப் பீய்ச்சிப் பீய்ச்சி அதை வெளியே கொண்டுவர வேண்டும்.

தாணுலிங்கம் பீய்ச்சினார். முதுகு வலிக்கப் பீய்ச்சினார்.

“மேடம், ஒரே ஒரு கேள்வி. எவ்வளவு கதிர் கொடுத்தா கிருமி சாகும், ஆனா புரதம் சாகாது? ஒரு நம்பர் சொல்லுங்க. நான் பாட்டுக்கு இருந்துக்கிறேன்.”

“எந்த எலும்புக்கு?”

“எந்த எலும்புக்குன்னா? எலும்புக்கு.”

ஜமீலா அவர் கையிலிருந்த துண்டை எட்டிப் பார்த்தார். நடுவில் ஒரு மஞ்சள் திட்டு இன்னும் இருந்தது.

“இன்னொரு தடவை கழுவுங்க.”

தாணுலிங்கத்துக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபத்தை யாரிடம் காட்ட? எலும்பிடம் காட்டினார். தண்ணீர் சுவரெல்லாம் தெறித்தது.

அவர் ஒவ்வொரு எலும்புக்கும் முன்னால் கையைக் கழுவினார். பின்னாலும் கழுவினார். எல்லாரும் சோப்பு போட்டுக் கழுவினால் இவர் அதற்கு மேல் பிரஷ் போட்டுத் தேய்ப்பார். தேய்த்தபிறகு ஸ்பிரிட் ஊற்றுவார். ஊற்றியபிறகு ஒரு தடவை முகர்ந்து பார்ப்பார். இன்னும் மனசு ஆறவில்லை என்றால் மறுபடியும் பிரஷ்.

ஜமீலா அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

*

“மேடம், போன தடவை வந்த பெட்டியில ரெண்டு துண்டு மிச்சம் இருக்கு. அது நிஜமாவே சுத்தமா இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்?”

“தெரிஞ்சுக்கணுமா?”

“தெரிஞ்சுக்காம எப்படி?”

ஜமீலா குளிர்பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தார். மூன்று உறை போட்டு மூடியது. சிவப்புப் பொட்டு ஒட்டியது.

“திறந்து பாருங்க.”

தாணுலிங்கத்துக்கு உச்சி குளிர்ந்துபோனது. இத்தனை நாளில் இந்த அம்மா உருப்படியாகச் சொன்ன ஒரே வார்த்தை இதுதான் என்று நினைத்தார். கையுறை மாட்டிக்கொண்டு மூன்று உறையையும் கிழித்தார். எலும்பைத் துடைத்து எடுத்துத் தட்டில் பூசி, கிருமி வளர்கிறதா என்று பார்க்க வைத்தார். காத்திருந்தார். வெறும் தட்டாகவே இருந்தது. ஒரு புள்ளி கூட முளைக்கவில்லை.

தட்டைத் தூக்கிக்கொண்டு ஜமீலாவின் அறைக்கே போனார்.

“பாருங்க மேடம். சுத்தம்.”

“சந்தோஷம். அப்ப அந்தத் துண்டை யாருக்காவது வைக்கலாமா?”

தாணுலிங்கம் வாயைத் திறந்தார்.

திறந்த பொட்டலம் ஆய்வு மேஜையில் கிடந்தது. அன்றைக்குக் கிழித்ததிலிருந்து அப்படியே கிடந்தது.

“அதைத் திறந்தாச்சே” என்றார்.

“ம்.”

“திறந்ததை எப்படி வைக்கிறது?”

“அதைக் கொடுத்தவர் ஒரு தபால்காரர் சார். சைக்கிள் மிதிச்சே தேஞ்ச இடுப்பு. யாருக்காவது ஆகட்டும்னு கொடுத்துட்டுப் போனார்.”

ஜமீலா எழுந்து போய் அந்தத் துண்டை எடுத்துக் கழிவு வாளியில் போட்டார். சத்தமில்லாமல்தான் போட்டார்.

“இன்னொரு துண்டு இருக்கு. அதையும் பாக்கணுமா?”

தாணுலிங்கம் கழுவப் போனார். கேட்ட கேள்வியில் என்ன தப்பு என்று அவருக்குப் புரியவில்லை. கேட்டது நியாயமான கேள்வி. திறக்கச் சொன்னதும் அந்த அம்மாதான். கடைசியில் குற்றவாளி மட்டும் இவர். என்ன ஊர் நியாயம் இது.

*

கழுவிய எலும்பிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு துளி எடுத்துத் தட்டில் பூசச் சொன்னார் ஜமீலா. அது தாணுலிங்கத்துக்குப் பிடித்த வேலை. முதல் முறை கழுவியபோது தட்டு முழுக்கக் கிருமி, மழைக்கு மறுநாள் குப்பைமேட்டில் காளான் முளைத்த மாதிரி. அடுத்த முறை குறைந்தது. அதற்கடுத்து இன்னும் குறைந்தது. தாணுலிங்கம் வீம்புக்குக் கழுவினார். வீம்போ என்னவோ, எலும்பு வெளுத்தது. கடைசித் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளி. எலும்புத் துண்டுகள் கடற்கரையில் ஒதுங்கின பவளத் துண்டு மாதிரி எடையே இல்லாமல் இருந்தன.

ஜமீலா தட்டைப் பார்த்தார். எலும்பைப் பார்த்தார். விளக்குக்கு நேராகப் பிடித்தார். திருப்பிக் கொடுக்கவில்லை.

போனை எடுத்து ஆலையைக் கூப்பிட்டார்.

“அடுத்த பெட்டிக்கு வழக்கமா கொடுக்கிறதுல பாதி கொடுத்தாப் போதும்” என்றார்.

தாணுலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“பாதியா?”

“பாதி.”

“மேடம், விளையாடாதீங்க. அந்தம்மாவுக்குக் கால் போற விஷயம். முழுசா கொடுத்தே எனக்குப் பயமா இருக்கு. பாதின்னா எப்படி?”

“இதைக் கழுவினது யாரு?”

“நான்தான்.”

“ஒழுங்கா கழுவினீங்களா?”

“ஒழுங்காவா? என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சு மேடம்.”

“அப்ப பாதி போதும்.”

ஒழுங்காகக் கழுவவில்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. பாதி போதும் என்று ஒத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே போனார். அது தானாகச் சாத்திக்கொள்கிற கதவு. எவ்வளவு வேகமாக இழுத்தாலும் மெதுவாகத்தான் சாத்தும். அந்தக் கதவு மேலும் அவருக்குக் கோபம் வந்தது.

*

பொட்டலம் கட்டுகிற நாள். கட்டுகிற அறைக்குள் போவதற்குத் தனி உடுப்பு, தனிச் செருப்பு. தாணுலிங்கம் எல்லாம் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஜமீலா குறுக்கே நின்றார்.

“கையைக் காட்டுங்க.”

காட்டினார்.

கையா அது. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. மணிக்கட்டு வரை தோல் உரிந்து சிவந்திருந்தது. விரல் முட்டிகளில் ரத்தம் கோடு கட்டியிருந்தது.

“நீங்க உள்ள வரக்கூடாது சார்.”

“ஏன்?”

“வெடிப்பு இருக்கிற கை. வெடிப்புல கிருமி தங்கும். அது உங்களுக்குத் தெரிஞ்ச விதிதானே.”

“எனக்கே விதியா? மேடம், இந்த ஆஸ்பத்திரியிலயே சுத்தமான கை என் கைதான். மணிக்கு ஒருதடவை கழுவுறேன்.”

“தெரியுது.”

“கழுவினது பூரா நான். கட்டறது இன்னொருத்தரா?”

“ஆமா சார்.”

ஜமீலா தன் மேஜை டிராயரிலிருந்து சின்ன பாட்டில் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். தேங்காய் எண்ணெய்.

“தடவுங்க. ஸ்பிரிட் வேண்டாம்.”

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார் தாணுலிங்கம். உள்ளே ஜமீலாவும் இன்னொருவரும் அவர் கழுவிய துண்டுகளை ஒவ்வொன்றாக உறையில் போட்டு மூடினார்கள். பெட்டி நிறைய டிரை ஐஸ் அடுக்கினார்கள். வெள்ளைப் புகை வழிந்தது.

ஜமீலா வெளியே வந்ததும் தாணுலிங்கம் பிடித்துக்கொண்டார்.

“அவ்வளவு ஐஸ் எதுக்கு? போன தடவை நான் இதுல கால்வாசிதான் வச்சேன். ரெண்டாம் தடவை அனுப்பினப்ப அதுவும் இல்ல. கதிருக்கு ஐஸாவது வெயிலாவது.”

“வெயில்ல அனுப்புறோம். ஒரு குடை கொடுத்து அனுப்பலாம்ல சார்.”

உறைந்து கிடக்கிற எலும்பில் கதிர் பட்டால் கிருமி சாகும், புரதத்துக்குச் சேதாரம் குறையும் என்பது அவர் படித்த பாடம்தான். படித்ததை இந்த அம்மா குடையாக்கிச் சொல்கிறதுதான் அவரால் தாங்கமுடியவில்லை.

எண்ணெய் பாட்டிலைத் தன் மேஜை டிராயருக்குள் தள்ளி மூடினார். பிசுபிசுப்பு அவருக்கு ஆகாது. தடவினால் உடனே கழுவத் தோன்றும்.

*

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் பெட்டி ஆலையிலிருந்து வந்து இறங்கியது. கொண்டுவந்த வண்டி வேறு சரக்கை ஏற்றிக்கொண்டு மத்தியானம் அதே ஆலைக்குத் திரும்பும்.

தாணுலிங்கம் பெட்டியின் பொட்டைப் பார்த்தார்.

சிவப்புதான். ஆனால் வெளிறின சிவப்பு. இந்தத் தடவை அவருக்குப் படவெல்லாம் இல்லை, நிஜமாகவே வெளிறித்தான் இருந்தது. பாதிக் கதிர்தானே.

ஜமீலாவைத் தேடிப் போனார்.

“பெட்டி வந்துடுச்சு.”

“நல்லது.”

“பொட்டு வெளிறியிருக்கு.”

“பாதிதானே கேட்டோம்.”

“வைக்கலாமா?”

“நீங்க தயார்பண்ணின எலும்பு சார். நீங்கதான் சொல்லணும்.”

சொல்லிவிட்டு ஆபரேஷன் அறைப் பக்கம் நடந்துவிட்டார். இப்படி ஒரு மனுஷி இருப்பாரா என்று அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார் தாணுலிங்கம். பொட்டலம் கட்ட இன்னொருவர் வேண்டும். பொறுப்பு மட்டும் இவர் தலையில்.

திரும்பி வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். எழுந்தார். கைக்கு ஸ்பிரிட் போட்டார். உட்கார்ந்தார்.

வெளியே வண்டிக்காரரைக் கூப்பிட்டு, “கொஞ்சம் இருங்க. இந்தப் பெட்டி ஒருவேளை திரும்பப் போகும்” என்றார்.

“சீக்கிரம் சொல்லுங்க சார். இருட்டுறதுக்குள்ள மதுரை தாண்டணும்.”

மனசுக்குள் கணக்குப் போட்டார். இன்னொரு பாதி கொடுத்துவிட்டால் முழுசு. முழுசு என்றால் வழக்கமானது. வழக்கமானதில் யாரும் யாரையும் குற்றம் சொல்லமுடியாது. ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போகும். போகட்டும்.

அப்போது சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு சந்தனமாரி வந்தார். காலைச் சுற்றி இரும்புக் கம்பியும் வளையமும். அன்றைக்குத்தான் வார்டில் சேர்ந்திருந்தார்.

“எனக்கு வைக்கப்போற எலும்பப் பாக்கணும்னு வந்தேன் சார். போன தடவை பாக்காம வச்சுக்கிட்டேன்.”

“திறந்து காட்ட முடியாதும்மா.”

“பெட்டியவாச்சும் காட்டுங்க.”

காட்டினார்.

“மீன் பெட்டி மாதிரி இருக்கு” என்றார் சந்தனமாரி. பிறகு தாணுலிங்கத்தைப் பார்த்தார். “என்ன சார், ஒரு மாதிரி இருக்கீங்க?”

“ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை அனுப்பிச் சுத்தம் பண்ணிட்டா நல்லதோன்னு யோசிக்கிறேன்.”

“அப்ப நாளைக்கு ஆபரேசன் இல்லியா?”

“ஒரு வாரம் தள்ளிப்போகும். உங்க நல்லதுக்குத்தான்மா.”

“போன தடவையும் என் நல்லதுக்குத்தான சார் அனுப்புனீங்க” என்றார் சந்தனமாரி. குத்திக்காட்டிச் சொன்னதாகத் தெரியவில்லை. ஞாபகம் வந்ததைச் சொன்ன மாதிரிதான் இருந்தது. “வீட்ல அரிசி மாவு வியாபாரம்தான் நடக்கு. உக்காந்தே செய்யலாம்னு ஆரம்பிச்சது. உக்காந்து உக்காந்து எனக்குப் பைத்தியம் புடிச்சிரும் போல இருக்கு சார். கால் இருக்குமா போகுமாங்கறதுக்கு நாளைக்கு ஒரு வழி பொறந்துரும்னு நெனச்சுதான் வந்தேன். இன்னொரு வாரமா?”

தாணுலிங்கம் பெட்டியின் பொட்டை மறுபடியும் பார்த்தார்.

ஜமீலா உள்ளே வந்தார். ஆபரேஷன் அறை உடுப்போடு வந்தார். மூவரும் பெட்டியைச் சுற்றி இருந்தார்கள்.

தாணுலிங்கத்துக்குள் இத்தனை நாள் அடக்கிவைத்தது எல்லாம் அப்போது வெளியே வந்தது.

“மேடம், ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இது போகட்டுமா, இருக்கட்டுமா? ஆமான்னாவது இல்லைன்னாவது ஒண்ணு சொல்லுங்க. நீங்க லீவு முடிஞ்சு வந்த நாள்லேர்ந்து பாக்கிறேன். நான் கேட்ட ஒரு கேள்விக்குக்கூட நீங்க நேரா பதில் சொன்னதில்ல. எதுக்குக் கழுவணும்னு கேட்டா கழுவுங்கறீங்க. நம்பர் கேட்டா எலும்பைக் கேக்கறீங்க. சுத்தமான்னு கேட்டா திறக்கச் சொல்லிட்டுக் குப்பையில போடறீங்க. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? ஒரு கிருமி மிச்சம் இருந்து இந்தம்மா கால் போச்சுன்னா நான் எப்படித் தூங்குவேன்?”

சந்தனமாரி தலையைக் குனிந்துகொண்டார்.

ஜமீலா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த ஸ்பிரிட் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“கையைக் கழுவிட்டுக் கேளுங்க சார்.”

தாணுலிங்கம் பழக்கதோஷத்தில் எடுத்து ஊற்றினார். வெடிப்புக்குள் ஸ்பிரிட் இறங்கியதும் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

“எரியுதா?”

“எரியாம என்ன செய்யும்.”

“சீழ் இருக்கா?”

“சீழ் எப்படி மேடம் இருக்கும்? இந்தக் கழுவு கழுவுறேன். சுத்தமா இருக்கு.”

“ஆறுதா?”

“அது ஒண்ணுதான் நடக்கமாட்டேங்குது. எத்தனை நாளாச்சு, இன்னும்...”

“இதத்தான சார்,” என்றார் சந்தனமாரி, “பெரிய டாக்டர் என் கால் படத்தப் பாத்துட்டுச் சொன்னாரு.”

தாணுலிங்கம் கண்ணைத் திறந்தார்.

தன் கையைப் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

வாசலில் ஹாரன் அடித்தது. வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“சார், பெட்டி வருதா இல்லையா?”

தாணுலிங்கம் ஸ்பிரிட் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார். டிராயரை இழுத்தார். எண்ணெய் பாட்டில் தள்ளிவிட்ட இடத்திலேயே கிடந்தது.

“நீங்க கிளம்புங்க” என்றார்.